மகிழ்ச்சித் திலகம் லூர்துசாமி

லூர்துசாமிக்கு வாய் கோணிக்கொண்ட அதே வாரத்தில்தான் கம்பெனிக்கு மகிழ்ச்சி வந்து சேர்ந்தது. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் இரண்டும் சந்தித்துக்கொண்ட இடம் அவருடைய முகமாகப் போய்விட்டது. அது அவருடைய போதாத காலம்.

வீடு கடலூர் முதுநகரில். வேலை சிப்காட் தொழிற்பேட்டையில், செம்மங்குப்பம் பக்கம் அமுதகலா டை-கெம் என்ற சாயக் கம்பெனியில், பம்ப் ஷெட்டில். ஒருநாள் காலையில் வாய் கொப்பளித்தால் தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகியது. கண்ணாடியைப் பார்த்தார். முகத்தின் வலப்பக்கம் தளர்ந்து தொங்கியது. இடப்பக்கத்து உதடு காதை நோக்கி ஏறிப் பல்லைக் காட்டியது. வலது கண்ணை மூட முடியவில்லை, அது தன்பாட்டுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது. திருப்பாதிரிப்புலியூர் டாக்டர் பார்த்துவிட்டு, "காத்து பட்டிருக்குது, பயப்படாதீங்க, மெதுவா சரியாயிடும்" என்றார். எந்தக் காற்று என்று சொல்லவில்லை. சிப்காட்டில் வேலை பார்க்கிறவரிடம் அதைப் பிரித்துச் சொல்வது டாக்டருக்கும் கஷ்டம்தான்.

பலூன் ஊதவேண்டும், ஆ, ஈ, ஊ என்று வாயைத் திறந்து திறந்து மூடவேண்டும், கன்னத்தை நீவிவிடவேண்டும் என்று சொல்லி அனுப்பினார். நீவிவிடுகிற வேலையை மனைவி அந்தோணிமேரி எடுத்துக்கொண்டாள். சாயங்காலமானால் அவரை ஜன்னலோரம் உட்கார வைத்து, ஏறிப்போன உதட்டோரத்தைக் கட்டைவிரலால் அழுத்திக் கீழே இறக்குவாள். "எறங்குதா பாரு, அப்பிடியே உன் அம்மா மாதிரி பிடிவாதம்" என்பாள். அவர் சிரிப்பார். சிரித்தாரா, முகம் அப்படித்தான் இருந்ததா என்று அவளுக்கு மட்டும் தெரியும்.

கம்பெனிக்கு மகிழ்ச்சி வந்த கதை வேறு. தொழிலாளர்களுக்கு என்ன குறை என்று சென்னை தலைமை அலுவலகம் ஒரு சர்வே எடுத்தது. எல்லாருமே பம்ப் ஷெட்டில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடவில்லை என்று சொல்லியிருந்தார்கள். அதை ஆழமாக ஆராய்ந்த நிபுணர்கள், இத்தனை பேர் ஒரே குறையைச் சொல்கிறார்கள் என்றால் இங்கே குறை சொல்கிற பழக்கம் ஜாஸ்தியாக இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். உடனே ஹேப்பினஸ் ஆபீசர் என்ற புதிய பதவியை உண்டாக்கி, அறிவழகன் என்பவரை அதில் உட்கார வைத்தார்கள். அவர் நல்ல மனிதர். யாரிடமும் முகம் சுளித்துப் பேச மாட்டார். அவரால் ஏற்பட்ட துன்பம் பூராவும் அந்த நல்ல குணத்தினால் ஏற்பட்டதுதான்.

முதல் வேலையாக கேன்டீன் சுவரில் ஒரு மரம் வரையப்பட்டது. அதற்கு நன்றி மரம் என்று பேர். பச்சைக் காகித இலையில் யாருக்காவது நன்றி எழுதி அதில் ஒட்டவேண்டும். பம்ப் ஷெட்டில் யாரோ 'எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் மிக்க நன்றி' என்று எழுதி ஒட்டினார்கள். அந்த இலை மறுநாளே உதிர்ந்துவிட்டது. அடுத்து, ஷிப்ட் தொடங்குமுன் பாராட்டு வேளை. இரண்டிரண்டு பேராக நின்று ஒருவரை ஒருவர் பாராட்டவேண்டும். பக்கத்திலேயே வருஷக்கணக்காக வேலை செய்கிறவனிடம் புதிதாக என்னத்தைப் பாராட்டுவது? "நேத்து நீ தும்முனது நல்லா இருந்துச்சு மச்சான்" என்கிற அளவுக்கு ஒரே வாரத்தில் வந்துவிட்டார்கள். பாராட்டி முடிந்ததும் எல்லாரும் கைதட்டவேண்டும். நாளடைவில், எதற்கென்று கேட்காமல் கை தானே தட்டப் பழகிக்கொண்டது.

மூன்றாவதாக வந்ததுதான் மிஷின். கேட்டில் மாட்டியிருந்தார்கள். அதன் முன்னால் நின்று சிரித்தால்தான் கதவு திறக்கும், வருகைப் பதிவாகும். சிரிப்பு போதவில்லை என்றால், "இன்னும் கொஞ்சம் மகிழ்ச்சி தேவை" என்று ஒரு பெண்குரல் சொல்லும். ராத்திரியெல்லாம் பிள்ளைக்கு ஜுரம் என்று தூங்காமல் வந்தவன், வட்டிக்காரன் வாசலில் நின்றதைப் பார்த்துவிட்டு வந்தவன், எல்லாரும் விடியற்காலையில் வரிசையாக நின்று ஈ என்று பல்லைக் காட்டினார்கள். செக்யூரிட்டி சின்னையன் பாவம் பார்த்து ஆளுக்கொரு ஜோக் சொல்லி உள்ளே தள்ளிவிட்டார். ஆபீசர்களுக்கு இந்த வம்பு இல்லை. அவர்கள் கார் போகிற கேட்டில் மிஷின் வைக்கவில்லை, கார் சிரிக்காது என்பதால்.

லூர்துசாமி பயந்துகொண்டே போய் நின்றார். நின்ற மாத்திரத்தில் கதவு திறந்துகொண்டது. "வணக்கம் லூர்துசாமி! இன்று நீங்கள் மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள்!" என்றது குரல். வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். மறுநாளும் அதேதான். அதற்கடுத்த நாளும் அதேதான்.

"உனக்கு வந்த வாழ்வப் பாரு மச்சான்" என்றார் சின்னையன். "நாங்க குட்டிக்கரணம் அடிக்கிறோம். ஒனக்கு சாமியே பொத்தான அழுத்தி வெச்சிட்டாரு."

இப்படி இருக்கையில்தான் அந்தோணிமேரி படுத்தாள். கால் வீங்கியது, பிறகு முகம் வீங்கியது. இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று சொல்லி, சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மகள் ஆரோக்கிய ஜெனிபர் கூடவே இருந்தாள். லூர்துசாமி ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி வாசலிலேயே சிதம்பரம் பஸ்ஸைப் பிடித்துப் போவார், கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார், மறுபடி ஓடிவருவார். அந்த ரோட்டில் நாளெல்லாம் சிதம்பரம் போர்டு போட்ட பஸ் போய்க்கொண்டேதான் இருக்கும். பம்ப் ஷெட்டில் நின்றால் ஹாரன் சத்தம் கேட்கும். ஒவ்வொரு ஹாரனுக்கும் அவர் வேலையை விட்டு ரோட்டுப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்.

கட்டிலுக்கு எந்தப் பக்கம் உட்காரவேண்டும் என்பதை அந்தோணிமேரிதான் முடிவு செய்தாள்.

"இந்தப் பக்கம் வா மாமா. எனக்கு உன் வலது கன்னம் தெரியணும்."

"ஏன், அதுல என்னா இருக்குது?"

"அந்தப் பக்கந்தான் கண்ணு அழுவுது. அழுவுற பக்கம் என் புருஷன். சிரிக்கிற பக்கம் கம்பெனிக்காரன்." சொல்லிவிட்டு வீங்கின கையால் அவருடைய உதட்டோரத்தைத் தேடி அழுத்தப் பார்த்தாள். பலம் போதவில்லை. "பலூன் ஊதுறியா? ஏமாத்தாத. நான் கண்ண மூடறதுக்குள்ள ஒரு தரம் உன் மூஞ்ச நேரா பாத்துடணும். வேற ஒண்ணும் வேணாம். கூட இரு, அது போதும்."

கூட இருப்பதற்கு லீவு வேண்டும். லூர்துசாமி அறிவழகனின் அறைக்குப் போனார். அறையில் நாற்காலிக்குப் பதிலாகப் பெரிய மஞ்சள் பந்துகள் கிடந்தன. அவற்றில் உட்கார்ந்தால் மனசு லேசாகுமாம். லூர்துசாமி ஒன்றில் உட்கார்ந்து, உருளாமல் இருப்பதற்காகச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"சார், என் சம்சாரம் சிதம்பரத்துல ரொம்ப முடியாம கெடக்குது. கொஞ்ச நாள் கூட இருக்கணும் சார். லீவு வேணும்."

"அண்ணே, லீவுங்கற வார்த்தையையே எடுத்துட்டோம். அது நெகட்டிவ். இப்ப இருக்கறது மனநல ஓய்வு. யாரு மனசு வாடியிருக்குதோ அவங்களுக்கு நானா கூப்புட்டுக் குடுப்பேன். யாரு மனசு வாடியிருக்குதுன்னு மிஷின் சொல்லிடும்." கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். அதில் நிறைய கோடுகள் ஏறியும் இறங்கியும் கிடந்தன. "மேல நேரா போவுது பாருங்க ஒரு பச்சைக் கோடு, அதுதான் நீங்க. சம்சாரம் படுத்த நாள்லேருந்து பாக்கறேன், ஒரு புள்ளி கூட எறங்கல. எம்.டி. சார்கிட்ட காட்டினேன். கண் கலங்கிட்டாரு."

"அது சிரிப்பு இல்ல சார். வாயி கோணிக்கிட்டுது. டாக்டரு காத்து பட்டுதுன்னாரு."

"எப்படி வந்தா என்னண்ணே? வந்த சந்தோஷத்த ஆராய்ச்சி பண்ணக்கூடாது."

"கண்ணுல தண்ணி வருது பாருங்க சார்."

அறிவழகன் எழுந்து வந்து அவருடைய தோளைத் தொட்டார். உண்மையாகவே நெகிழ்ந்துபோயிருந்தார். "பாக்கறேண்ணே. இதத்தான் ஆனந்தக் கண்ணீருன்னு சொல்றது. நான் படிச்சிருக்கேன், இன்னைக்குத்தான் பாக்கறேன்."

சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடலாமா என்றும் லூர்துசாமி யோசித்தார். நின்றால் வேலை போகும், வேலை போனால் கம்பெனி இன்சூரன்ஸ் போகும், அது போனால் அந்தோணிமேரியைக் கட்டிலிலிருந்து இறக்கவேண்டியதுதான். ஆகையால் காலையில் போய் மிஷின் முன்னால் நின்றார். இன்று நீங்கள் மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள் என்றது அது. வாரம் தவறாமல் அவருக்குப் பாராட்டு குவிந்தது. நன்றி மரத்துக்கு மேலே, சூரியன் இருக்கவேண்டிய இடத்தில் அவர் போட்டோவை ஒட்டினார்கள்.

ராத்திரி ஷிப்ட் இருந்த ஒரு சனிக்கிழமை ஜெனிபர் போன் பண்ணினாள். "அப்பா, டாக்டரு சொந்தக்காரங்களயெல்லாம் வரச் சொல்றாரு. அம்மா உன்னத்தான் கேட்டுக்கிட்டே இருக்குது. நாளைக்குக் காலையில வந்துடு. வந்துட்டுத் திரும்பப் போவாத."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஷிப்டும் இல்லை. ஆனால் அன்றைக்குத்தான் கம்பெனியின் பாராட்டுத் திருவிழா. அவருக்கு மகிழ்ச்சித் திலகம் என்று பட்டம் தரப் போகிறார்கள். லூர்துசாமி மறுபடி மஞ்சள் பந்துக்கு ஓடினார்.

"விழா எங்க நடக்குது சொல்லுங்க?" என்று பூரித்தார் அறிவழகன். "சிதம்பரத்துல! தெற்கு வீதி ஓட்டல்ல! உங்களுக்காகவே அமைஞ்ச மாதிரி இருக்குது. கம்பெனி பஸ்லயே வாங்க, பட்டத்த வாங்குங்க, அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. எவ்வளவு பாசிட்டிவா முடிஞ்சுது பாத்தீங்களா?"

"வராம இருந்தா சார்?"

"கோடு செவப்பாயிடும்."

"மனசு வாடிப்போச்சுன்னு அர்த்தமா சார்? அப்ப ஓய்வு கெடைக்குமா?"

"செவப்புன்னா வருத்தம் இல்லண்ணே. ஒத்துழையாமை. இன்சூரன்ஸ அதுவே நிறுத்திடும். என் கையில ஒண்ணுமில்ல."

கம்பெனி பஸ் வாழைமரம் கட்டி, பாட்டுப் போட்டுக்கொண்டு, ஆளாளுக்கு வடை கொடுத்துக்கொண்டு மெதுவாகப் போனது. லூர்துசாமி கையில் பிடித்த வடை சிதம்பரம் வரைக்கும் கையிலேயே இருந்தது. ஓட்டல் வாசலில் ஒரு கூடை வைத்திருந்தார்கள். விழாவில் மனம் ஒன்றியிருக்கவேண்டும் என்பதற்காக எல்லாருடைய போனையும் அதில் போடச் சொன்னார்கள். அதற்கு அமைதிக் கூடை என்று பேர். லூர்துசாமி போனைப் போட மனசில்லாமல் நின்றார். பின்னால் நின்றவர்கள் உற்சாகப்படுத்திக் கைதட்டினார்கள். போட்டுவிட்டார்.

முதலில் அறிவழகன் பேசினார். "சம்பள உயர்வு குடுத்தா ஒரு மாசம் சந்தோஷம். பாராட்டு குடுத்தா ஆயுசு பூரா சந்தோஷம். அதனால இந்த வருஷம் நிர்வாகம், நல்லா யோசிச்சு, ஆயுசு பூரா சந்தோஷத்தையே உங்களுக்குக் குடுத்திருக்குது." கைதட்டல்.

பிறகு எம்.டி. எழுந்தார். அவர் எழுந்தால் சீக்கிரம் உட்காருகிற வழக்கமில்லை. "இது கம்பெனி இல்ல, குடும்பம். குடும்பத்துல யாராவது யூனியன் வெப்பாங்களா? குடும்பத்துல ஒருத்தன் இன்னொருத்தன்கிட்ட லீவு கேப்பானா? என் பையன் பத்து வருஷமா அமெரிக்காவுல இருக்கான், ஒரு நாளாவது என்கிட்ட லீவு கேட்டிருப்பானா? எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடலைங்கறீங்க. நான் ஒண்ணு கேக்கறேன், லூர்துசாமி எந்த ஷெட்டுல வேலை செய்யறாரு? அதே ஷெட்டு! அதே காத்து! அந்த முகத்தப் பாருங்க!"

எல்லாரும் பார்த்தார்கள். அந்த முகம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மேடைக்கு அழைத்தார்கள். தலைப்பாகை கட்டினார்கள். 'மகிழ்ச்சித் திலகம்' என்று பொன்னெழுத்தில் பொறித்த ரோஜா நிறப் பட்டையைத் தோளில் குறுக்காக மாட்டினார்கள். நாலு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தார்கள். லூர்துசாமி வாழ்நாளில் மைக் பிடித்ததில்லை.

"என் சம்சாரம் அந்தோணிமேரி இந்த ஊரு ஆஸ்பத்திரியில சாவக் கெடக்குதுங்க" என்றார். கோணின வாயில் வார்த்தை பாதி காற்றாகப் போனது. "என்னக் கூட இருக்கச் சொல்லுது. நான் இங்க நிக்கிறேன். நான் சிரிக்கலைங்க. சத்தியமா நான் சிரிக்கலைங்க. என்ன விட்டுடுங்க, நான் போறேன்."

ஹாலில் எல்லாரும் பொன்னெழுத்துப் பட்டையையும் தலைப்பாகையையும் காதுவரை ஏறின பல்வரிசையையும் பார்த்தார்கள். முன்வரிசையில் எம்.டி. வாய்விட்டுச் சிரித்தார். "என்ன ஹ்யூமர்! என்ன ஹ்யூமர்!" பிறகு எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். விஷயம் தெரிந்த பம்ப் ஷெட் ஆட்களும் தட்டினார்கள். எழுந்து நின்ற கூட்டத்தில் தட்டாமல் நிற்பது எப்படி என்பது அவர்களுக்கு மறந்துபோயிருந்தது. தட்டாதவர் சின்னையன் ஒருவர்தான். குரூப் போட்டோவுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருக்கையில் அவர் மேடையேறி, லூர்துசாமியின் கையைப் பிடித்துக் கீழே இறக்கி, வாசலில் ஒரு ஆட்டோவில் ஏற்றிவிட்டார். "போ மச்சான், திரும்பிப் பாக்காம போ." போன் கூடையிலேயே கிடந்தது.

ஆஸ்பத்திரிப் படியில் ஜெனிபர் உட்கார்ந்திருந்தாள். அப்பாவையும் தலைப்பாகையையும் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

"எத்தன தரம்ப்பா போன் போட்டேன்" என்றாள். "கடேசி வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்துச்சுப்பா. மாமா பஸ்ஸுல வந்துக்கிட்டு இருப்பாரு, மாமா பஸ்ஸுல வந்துக்கிட்டு இருப்பாருன்னு."

லூர்துசாமி வார்டுக்குள் போனார். வழக்கமாக உட்காருகிற பக்கம் போய், வலது கன்னம் அவளுக்குத் தெரிகிற மாதிரி உட்கார்ந்தார். இடது கன்னம் வார்டுக்குத் தெரிந்தது. பக்கத்துக் கட்டில்காரி தன் துணைக்கு வந்தவளிடம், "பொண்டாட்டி செத்துக் கெடக்குறா, மாப்பிள்ள மாதிரி வந்து பல்லக் காட்டுறான் பாரேன், இவனெல்லாம் மனுசனா" என்றாள். லூர்துசாமிக்குக் கேட்டது. அந்தோணிமேரியின் கையை எடுத்துத் தன் உதட்டோரத்தில் வைத்து அழுத்திக்கொண்டார். அது குளிர்ந்திருந்தது.

அடக்கத்துக்குக் கம்பெனியிலிருந்து மலர்வளையம் வந்தது. கம்பெனி மலர்வளையம் எல்லாவற்றிலும் ஒட்டவேண்டிய மஞ்சள் சிரிப்பு முகம் அதிலும் ஒட்டியிருந்தது. அறிவழகனும் வந்தார். கல்லறைத் தோட்டத்தில் சாமியார் ஜெபம் சொல்லி முடித்து, லூர்துசாமி குனிந்து ஒரு பிடி மண் போடும்போது, அறிவழகன் பக்குவமாக இடப்பக்கம் போய் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். அடுத்த வாரமே அது ஆளுயரப் போஸ்டராகக் கம்பெனி கேட்டில் ஏறியது. 'துயரத்திலும் தளராத புன்னகை' என்று அதன் கீழே எழுதியிருந்தார்கள். கூடையில் கிடந்த போனையும் பொறுப்பாகத் திருப்பிக் கொடுத்தார்கள். அதில் ஜெனிபரின் அழைப்புகள் வரிசையாக இருந்தன.

இப்போது ஓய்வு தானாகவே கிடைத்தது. துக்க ஓய்வு என்று அதற்கு ஒரு சட்டம் உண்டு. ஆள் செத்த பிறகு கொடுப்பார்கள், செத்ததற்கு அத்தாட்சி இருப்பதால்.

அந்த ஓய்வில் லூர்துசாமி வேறொன்றும் செய்யவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து பலூன் ஊதினார். ஆ, ஈ, ஊ என்றார். தன் கட்டைவிரலால் தானே உதட்டோரத்தை அழுத்தி இறக்கினார். அவள் கேட்டது அது ஒன்றுதான். அவள் இருக்கும்போது ஏமாற்றியதெல்லாம் சேர்த்து இப்போது ஊதினார். ஜெனிபர் சமையல்கட்டிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். மெதுவாக வலது கண் மூட ஆரம்பித்தது. பிறகு உதடு இறங்கியது. ஒருநாள் காலையில் கண்ணாடியில் பழைய லூர்துசாமி நேராக நின்றிருந்தார். ஜெனிபரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் அம்மாவின் போட்டோவைத் தூக்கிவந்து அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். அன்றைக்குத்தான் அவர் இரண்டு கண்ணாலும் அழுதார். முகம் முழுவதும் ஒரே மாதிரி அழுதது. அழுது முடித்ததும் அவருக்குப் பசித்தது.

வேலைக்குப் போகவேண்டிய நாள் வந்தது. ஜெனிபரைக் கரையேற்றவேண்டும், வீட்டில் உலை ஏறவேண்டும், போகாமல் முடியாது. கேட்டில் வரிசை நின்றது. அவர் முறை வந்ததும் மிஷின் முன்னால் நின்றார். பின்னால் அவருடைய போஸ்டர்.

"முகம் பொருந்தவில்லை" என்றது குரல்.

தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். "முகம் பொருந்தவில்லை. இன்னும் கொஞ்சம் மகிழ்ச்சி தேவை."

சின்னையன் ஓடிவந்தார். மிஷினைத் தட்டிப் பார்த்தார். "மச்சான், ஒரு ஜோக்கு சொல்லவா?" என்றார். லூர்துசாமியின் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு ஜோக் எதுவும் ஞாபகம் வரவில்லை. "இல்லன்னா, அந்தப் படத்துல இருக்கற மாதிரி..." என்று போஸ்டரைக் காட்டியவர் பாதியில் கையை இறக்கிக்கொண்டு தலைகுனிந்துகொண்டார்.

ஷிப்ட் மணி அடித்தது. வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. ரோட்டில் சிதம்பரம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

லூர்துசாமி கட்டைவிரலை எடுத்தார். அந்தோணிமேரி அழுத்திக் கீழே இறக்கிய அதே உதட்டோரத்தில் வைத்தார். மெதுவாகக் காது வரைக்கும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கதவு திறந்தது. "வணக்கம் லூர்துசாமி! இன்று நீங்கள் மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள்!"

பின்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள்.